மணியோசை வரும் முன்னே

1

1896 மார்ச் 25. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து பெர்லினுக்கு ஒரு கடிதம் போகிறது. எழுதியவர் ரிச்சர்ட் டெடகிண்ட். வயது 64. காஸ்ஸிடம் நேரடியாகப் படித்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். தன் சொந்த ஊரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கடிதம் கேயார்க் ஃப்ரோபெனியஸுக்கு. வயது 46. சூரிச்சில் 17 ஆண்டுகள் பேராசிரியராக இருந்துவிட்டு, 1892இல் பெர்லின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியிருந்தார்.

கடிதத்தில் கொள்கை, பிரகடனம் என்று எதுவும் கிடையாது. ஒரு கணக்கு இருந்தது, அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு முன்பே டெடகிண்ட் போட்டுப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு மேல் போகாமல் மேசையில் கிடந்த கணக்கு. இன்று கணிதம், இயற்பியல், வேதியியல் என்று மூன்று துறைகளிலும் புழங்கும் 'கேரக்டர் அட்டவணை' என்ற கருவி அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மூலக்கூறு எப்படியெல்லாம் அதிரும் என்று கண்டுபிடிக்க, நான்குக்கு நான்கு அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய ஞாபகம் அவருக்குக் கட்டாயம் இருக்கும்.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பார்கள் இல்லையா? எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இந்தத் துறையில் முதலில் யானையைக் காட்டுவார்கள், பிறகுதான் அதன் கழுத்து மணியை. ஆனால் வரலாற்றில் மணியோசைதான் முதலில் வந்தது. அதுவும் ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

2

யானை எது, மணி எது என்று முதலில் பார்த்துவிடலாம். பேப்பரும் பேனாவும் போதும்.

அட்டையில் மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் தூக்கித் திருப்பி, இருந்த இடத்திலேயே அச்சாகப் பொருந்தும்படி மறுபடி வைக்க எத்தனை வழி உண்டு? சும்மா விட்டுவிடுவது ஒன்று. 120 டிகிரி, 240 டிகிரி என்று சுழற்றுவது இரண்டு. ஏதாவது ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டும் இடம் மாறும்படி கவிழ்ப்பது மூன்று. ஆக மொத்தம் 6. இவற்றில் ஒன்றைச் செய்து அதன் மேல் இன்னொன்றைச் செய்தாலும் இந்த ஆறில் ஒன்றுதான் கிடைக்கும். இப்படித் தனக்குள்ளேயே சுற்றி வரும் அசைவுகளின் கூட்டத்துக்குக் கணிதத்தில் குலம் என்று பெயர். பழைய பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணக்கு படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஞாபகம் இருக்கலாம்.

இந்த ஆறு அசைவுகளும் மூன்று இனங்களாகப் பிரியும். சும்மா இருப்பது தனி இனம். மூன்று கவிழ்ப்புகள் ஓர் இனம். நிற்கும் இடத்தை மாற்றிப் பார்த்தால் ஒரு கவிழ்ப்பு இன்னொரு கவிழ்ப்பாகத் தெரியும். இரண்டு சுழற்சிகள் ஓர் இனம். அட்டைக்குப் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு 120 டிகிரி 240 ஆகிவிடும்.

குலம் என்பது அருவமான ஒன்று. அதைக் கையில் பிடிக்க, ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அணியை, அதாவது மேட்ரிக்ஸை, கொடுக்கிறோம். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு அசைவுகளை அடுத்தடுத்துச் செய்தால் எது வருமோ, அவற்றின் அணிகளைப் பெருக்கினாலும் அதற்குரிய அணியே வர வேண்டும். இதற்கு ரெப்ரசென்டேஷன் என்று பெயர். இந்தக் கட்டுரையில் நான் இதை வேடம் என்கிறேன். கூத்தில் ஒரே ஆள் ராஜாவாகவும் வருவார், கட்டியங்காரனாகவும் வருவார். ஒரே குலமும் அதுபோலப் பல வேடங்களில் வரும். பெரிய வேடங்கள் பல, சின்ன வேடங்களைச் சேர்த்துத் தைத்தவையே. அதற்கு மேல் பிரிக்க முடியாத மூல வேடங்கள் கொஞ்சம்தான் இருக்கும். எத்தனை இனமோ, சரியாக அத்தனை மூல வேடம். முக்கோணத்துக்கு மூன்று.

முதல் வேடத்தில் எல்லா அசைவுக்கும் எண் 1. இரண்டாவதில் கவிழ்ப்புக்கு மட்டும் −1. மூன்றாவது, அட்டை நிஜமாகவே தளத்தில் அசைவதை எழுதும் இரண்டுக்கு இரண்டு அணி. இதுவரை சொன்னது யானை.

இனி மணி. அணியின் மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களை மட்டும் கூட்டுங்கள். மீதி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். சும்மா இருக்கும் அசைவுக்கு 1 + 1 = 2. கவிழ்ப்புக்கு 1 − 1 = 0. 120 டிகிரிச் சுழற்சிக்கு மூலைவிட்டத்தில் இரண்டு இடத்திலும் −1/2, கூட்டினால் −1. இந்தக் கூட்டுத்தொகைதான் கேரக்டர். அச்சுகளை எந்தத் திசையில் வரைந்தாலும் இது மாறாது. ஒரே இனத்தைச் சேர்ந்த அசைவுகளுக்கு ஒரே எண்தான் வரும். ஆகவே இனத்துக்கு ஓர் எண் எழுதினால் போதும். சும்மா இருத்தல், கவிழ்ப்பு, சுழற்சி என்ற வரிசையில் எழுதினால் மொத்தம் மூன்றே வரி:

1, 1, 1
1, −1, 1
2, 0, −1

ஒன்பது எண்கள். முதல் பத்தியில் உள்ளவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 + 1 + 4 = 6. குலத்தில் எத்தனை அசைவுகள் என்று அட்டவணையே சொல்லிவிட்டது. இரண்டாம் வரியில் 1 எங்கெல்லாம் வருகிறது? சும்மா இருப்பதிலும் சுழற்சியிலும். அந்த மூன்று அசைவுகளும் சேர்ந்து உள்ளே ஒரு சிறுகுலமாக உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சாஃப்ட்வேரில் பெரிய ஃபைலுக்கு ஹாஷ் எடுப்போம். ஃபைல் மாறியதா இல்லையா என்று ஹாஷ் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்று வாயைத் திறக்காது. கேரக்டர் அப்படியில்லை. அவ்வளவையும் தூக்கிப் போட்ட பிறகும் உள் விஷயம் பேசுகிறது.

3

டெடகிண்டின் கடிதத்தில் வேடமும் இல்லை, அணிகளால் ஆன யானையும் இல்லை. அவர் செய்தது வேறு. குலத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மாறியை வைத்து, பெருக்கல் வாய்ப்பாட்டைப்போல ஒரு சதுரக் கட்டம் போட்டார். முக்கோணத்துக்கு ஆறுக்கு ஆறு. அந்தக் கட்டத்தின் அணிக்கோவையை, பள்ளியில் டிடர்மினன்ட் என்று படித்த அதே சங்கதியை, விரித்து எழுதினால் ஆறு மாறிகளில் ஆறாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்று கிடைக்கும். அதைக் காரணிப்படுத்தினால் என்ன ஆகும்?

எந்த வரிசையில் செய்தாலும் விடை மாறாத குலங்களுக்கு அது முழுக்க முழுக்க ஒருபடிக் காரணிகளாக உடைந்துவிடும் என்று டெடகிண்டுக்குத் தெரியும். முக்கோணத்தில் வரிசை முக்கியம். சுழற்றிக் கவிழ்ப்பதும் கவிழ்த்துச் சுழற்றுவதும் ஒன்றில்லை. அங்கே இரண்டு ஒருபடிக் காரணிகள் கிடைத்தன. கூடவே பிடிவாதமாக உடைய மறுக்கும் ஓர் இருபடிக் காரணி, அதுவும் இரண்டு தடவை. ஏப்ரல் தொடக்கத்தில் அடுத்த கடிதத்தில் முழுதாகப் போட்டுக்காட்டிய இரண்டு உதாரணங்களை அனுப்பினார். ஒன்று இந்த ஆறு உறுப்புக் குலம். மற்றது குவாட்டர்னியன் எண்களிலிருந்து வரும் எட்டு உறுப்புக் குலம். இந்த இரண்டாவது உதாரணத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஃப்ரோபெனியஸுக்குத் தீப்பிடித்துக்கொண்டது. ஏப்ரல் 12ஆம் தேதியே நீண்ட பதில் எழுதினார். அந்த மாதம் முடிவதற்குள் புதிய துறையின் எலும்புக்கூடு கடிதங்களில் வந்துவிட்டது. எத்தனை இனமோ அத்தனை வெவ்வேறு காரணி. ஒவ்வொரு காரணிக்கும் இனத்துக்கு ஒன்றாகச் சில எண்கள். ஏற்கெனவே எளிய குலங்களுக்குப் புழக்கத்தில் இருந்த சொல்லையே எடுத்து அவற்றுக்கு 'கேரக்டர்' என்று பெயர் வைத்தார்.

ஒன்று மட்டும் மாதக்கணக்கில் பிடிகொடுக்கவில்லை. காரணி எத்தனை படியோ அத்தனை தடவை அது திரும்ப வருகிறது. முக்கோணத்தில் இருபடிக் காரணி இரண்டு தடவை. எல்லாக் குலத்துக்கும் இப்படித்தான் என்று தெரிகிறது, ஆனால் நிறுவ முடியவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் தான் என்ன செய்வேன் என்று டெடகிண்டுக்கு வேடிக்கையாக எழுதினார்: மனைவியோடு தொழில் கண்காட்சிக்குப் போவது, வீட்டில் நாவல் படிப்பது, பழமரங்களில் கம்பளிப்பூச்சி பொறுக்குவது. அது அந்த ஆண்டுக்குள் பிடிபட்டும்விட்டது.

இங்கேதான் விஷயம். 1896இல் ஃப்ரோபெனியஸ் கேரக்டர்களை வெளியிட்டபோது, அவை அணிகளின் மூலைவிட்டக் கூட்டுத்தொகைகள் என்று அவர் வரையறுக்கவில்லை. இனங்களை ஒன்றோடொன்று பெருக்கினால் எது எத்தனை தடவை வரும் என்ற எண்ணிக்கைகளிலிருந்து சமன்பாடுகள் எழுதி, அவற்றின் தீர்வாக எண்களைப் பிடித்தார். அட்டவணைகள் போட்டார். அவற்றின் உறவுகளை நிறுவினார். இந்த எண்களுக்குப் பின்னால் அணிகள் நிற்கின்றன, வேடங்கள் இருக்கின்றன என்பது 1897இல்தான் தெளிவாக வெளிவந்தது. யானையைப் பார்க்காமலேயே ஓராண்டு மணியோசைக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார் மனுஷன்.

நாங்கள் எழுதும் டாக்குமென்டேஷனிலும் முதல் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கடைசியாகப் புரிந்ததுதான். பாடப்புத்தகம் புரிதலின் வரிசையில் போகும். கண்டுபிடிப்பின் வரிசை அதுவாக இருக்க வேண்டியதில்லை.

4

எல்லாருக்கும் இந்த மணியோசை கேட்கவில்லை. கேட்டவர்களில் சிலருக்கு அது தேவையில்லாத சத்தமாகப் பட்டது.

வில்லியம் பர்ன்சைடு, கிரீனிச்சில் அரச கடற்படைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1897இல் குலங்களைப் பற்றி ஆங்கிலத்தின் முதல் பெரிய புத்தகத்தை எழுதினார். அதன் முன்னுரையில் ஒரு கேள்வியை அவரே எழுப்பிக்கொண்டார். குலங்களை அணிகளாக, நேரியல் மாற்றங்களாகப் பார்க்கும் வழியைப் புத்தகத்தில் ஏன் சேர்க்கவில்லை? அந்த வழியில் போனால்தான் நேராகக் கிடைக்கும் என்று சொல்லத்தக்க முடிவு ஒன்றைக்கூடக் காட்டுவது கடினம் என்பது அவர் பதிலின் சாரம். அதே ஆண்டில்தான் பெர்லினில் மணியும் யானையும் ஒன்றுசேர்ந்தன!

பர்ன்சைடு ஃப்ரோபெனியஸின் கட்டுரைகளைப் படித்தார். படித்துவிட்டு, தன் பாணியில் எல்லாவற்றையும் மறுபடி கட்டி எழுப்பினார். 1904இல் அதே கருவியை வைத்து அவர் நிறுவிய தேற்றத்தில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. ஒரு குலத்தின் உறுப்பு எண்ணிக்கை இரண்டே பகா எண்களால் மட்டும் வகுபடுமானால் (72 என்பது 8 × 9, இரண்டும் மூன்றும் மட்டும்), அந்தக் குலத்தைப் படிப்படியாக எளிய துண்டுகளாகப் பிரித்துவிடலாம். மூன்று பகா எண்கள் வந்துவிட்டால் உத்தரவாதம் கிடையாது. 60 என்பது 4 × 3 × 5. அந்த அளவில் உடைக்கவே முடியாத குலம் ஒன்று இருக்கிறது. பர்ன்சைடின் நிரூபணம் இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கும். கேரக்டர்களைத் தொடாமல் அதையே நிறுவ மற்றவர்களுக்கு 1970கள் வரை ஆயிற்று.

ஃப்ரோபெனியஸின் 1901ஆம் ஆண்டுத் தேற்றம் இன்னும் விசித்திரம். ஒரு குலம் சில நாற்காலிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாற்காலியையும் எந்த இடத்துக்கும் கொண்டுபோக முடியும். சும்மா இருப்பதைத் தவிர எந்த அசைவும் ஒரு நாற்காலிக்கு மேல் இருந்த இடத்தில் விட்டுவைக்காது. அப்படியானால், எல்லா நாற்காலியையும் நகர்த்திவிடும் அசைவுகளும் சும்மா இருப்பதும் சேர்ந்து தனியாக ஒரு குலமாகும். கேள்வியில் எங்கேயாவது அணி இருக்கிறதா? இல்லை. ஆனால் கேரக்டர்களை முழுக்க ஒதுக்கிவிட்டு இதை நிறுவ இன்றுவரை யாருக்கும் வழி கிடைக்கவில்லை.

1911இல் பர்ன்சைடின் புத்தகம் இரண்டாம் பதிப்பு கண்டது. பழைய முன்னுரையைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதல் பதிப்பில் சொன்ன காரணம் இனி செல்லாது என்று புது முன்னுரையிலேயே எழுதினார். குலங்களின் பொதுவான கோட்பாட்டில் மேலே போக வேண்டுமென்றால் அணிகளின் வழியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கேரக்டர்களுக்குப் பல அத்தியாயங்களை ஒதுக்கினார். 14 வருஷம் கழித்துத் தன் வரியைத் தானே திருத்தி, திருத்தியதையும் அச்சில் சொல்வது லேசான காரியமில்லை. இன்று அந்தப் புத்தகத்தில் படிக்கப்படுவது இரண்டாம் பதிப்புதான்.

5

பெர்லினில் ஃப்ரோபெனியஸுக்குப் பின் இந்தத் துறையைத் தாங்கியவர் அவருடைய மாணவர் இசாய் ஷுர். இன்று மாணவர்கள் இந்தப் பாடத்தைச் சுலபமாகப் படிக்க முடிகிறதென்றால் 1905இல் ஷுர் எல்லாவற்றையும் எளிமையாக்கிய விதம் முக்கியக் காரணம். அவர் யூதர். 1935இல் பெர்லின் பல்கலைக்கழகப் பதவி பறிபோனது. 1939இல் பாலஸ்தீனத்துக்குப் போனார். 1941 ஜனவரி 10 அன்று, தன் 66ஆம் பிறந்த நாளில், டெல் அவிவில் இறந்தார். அவருடைய மாணவர் ரிச்சர்ட் பிரவுர் 1933இலேயே வேலை இழந்து அமெரிக்கா போய்விட்டார். கேரக்டர் கோட்பாட்டின் அடுத்த பெரிய கட்டம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நடந்தது. பெர்லினில் பிறந்ததைப் பெர்லினே துரத்திவிட்டது.

அதற்கு மேல் உடைக்க முடியாத குலங்கள், அதாவது குலங்களின் அணுக்கள், எவையெவை என்ற தேடல் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சூடுபிடித்தது. எந்தக் குடும்பத்திலும் சேராத 26 தனிக்காட்டு ராஜாக்கள் அகப்பட்டார்கள். அவற்றில் மிகப் பெரியது இருக்கக்கூடும் என்று 1973இல் பெர்ன்ட் ஃபிஷரும் ராபர்ட் கிரீஸும் தனித்தனியாகச் சொன்னார்கள். பின்னால் அதற்கு மான்ஸ்டர் என்று பெயர் வந்தது. பெயர் பொருத்தம்தான். அதன் உறுப்பு எண்ணிக்கை 54 இலக்க எண்.

இருக்கக்கூடும் என்றுதான் சொன்னார்கள். இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. ஆனால் அது இருந்தால் எத்தனை இனம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட முடிந்தது: 194. மிகச் சிறிய சுவாரஸ்யமான வேடம் 196883 அளவுக்குக் கீழே இருக்க முடியாது என்றும் தெரிந்தது. அதாவது ஒவ்வோர் அசைவுக்கும் 196883 வரிசையும் அத்தனை பத்தியும் உள்ள அணி. அப்படி ஒரு வேடம் இருப்பதாக வைத்துக்கொண்டு ஃபிஷர், டொனால்ட் லிவிங்ஸ்டன், மைக்கேல் தோர்ன் மூவரும் 1978இல் முழுக் கேரக்டர் அட்டவணையையும் போட்டுவிட்டார்கள். 194க்கு 194, மொத்தம் 37,636 எண்கள்.

இல்லாத ஒன்றுக்கு எப்படி அட்டவணை? சுடோகுவை நினைத்துக்கொள்ளுங்கள். கேரக்டர் அட்டவணைக்குக் கறாரான விதிகள் உண்டு. நம் முக்கோணத்தின் மூன்றாம் வரியையும் முதல் வரியையும் இனத்தின் எண்ணிக்கையோடு பெருக்கிக் கூட்டுங்கள்: 2×1×1 + 0×1×3 + (−1)×1×2 = 0. எந்த இரண்டு வரிக்கும் இப்படிப் பூஜ்யம் வந்தாக வேண்டும். இரண்டு கேரக்டர்களைப் பெருக்கினால் வருவது மற்ற கேரக்டர்களின் முழு எண் கூட்டலாகப் பிரிய வேண்டும். சில கட்டங்கள் நிரம்பினால் மற்றவை வேறு வழியில்லாமல் நிரம்பும். கம்ப்யூட்டர் உதவியோடு, பொறுமையோடு, மணியோசை முழுதாக எழுதப்பட்டது. யானை இன்னும் வரவில்லை.

அந்த ஓசையைக் கேட்டு வேறொருவர் திடுக்கிட்டார். அதே 1978இல் மொன்ட்ரியாலில் இருந்த ஜான் மெக்கே, எண்கோட்பாட்டின் ஒரு பழைய சார்பில் 196884 என்ற குணகத்தைக் கவனித்தார். 196883 + 1. அடுத்த குணகம் 21493760. அது 1 + 196883 + 21296876 என்று ஜான் தாம்சன் காட்டினார். கடைசி எண் மான்ஸ்டரின் அடுத்த வேடத்தின் அளவு. ஒன்றுக்கொன்று ஸ்நானப்பிராப்தியே இல்லாத இரண்டு துறைகள்! பிறந்தே இராத ஒன்றின் அட்டவணையில் இருந்த முதல் பத்தி இந்த உறவைச் சொன்னது. ரிச்சர்ட் போர்ச்சர்ட்ஸ் 1992இல் அதை நிறுவினார். 1998இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

யானை 1980இல் வந்தது. கிரீஸ் 196884 பரிமாணங்களில் ஓர் இயற்கணித அமைப்பைக் கையாலேயே கட்டி, அதன் சமச்சீர்களாக மான்ஸ்டரை நிறுத்தினார். 1982இல் அந்தக் கட்டுரை அச்சானது. மான்ஸ்டரை அவர் அழைத்தது 'நட்பான ராட்சதன்' என்று.

6

மணியோசையை முழுசாக நம்பிவிடலாமா? கூடாது.

சதுர அட்டை ஒன்றை எடுத்து முக்கோணத்துக்குச் செய்ததையே செய்யுங்கள். எட்டு அசைவுகள் வரும். டெடகிண்ட் ஏப்ரலில் அனுப்பிய இரண்டாவது உதாரணமான குவாட்டர்னியன் குலத்துக்கும் எட்டு உறுப்புகள். இரண்டும் ஒன்றில்லை. இரண்டு தடவை செய்தால் பழைய நிலைக்கே வந்துவிடும் அசைவுகள் சதுரத்தில் ஐந்து. குவாட்டர்னியனில் ஒன்றே ஒன்று. ஆனால் இரண்டுக்கும் ஐந்து இனம், ஐந்து வேடம். கேரக்டர் அட்டவணை எண்ணுக்கு எண் ஒன்று. இரண்டு யானை, ஒரே மணிச் சத்தம். இதைப் பிரித்துச் சொல்ல, அட்டவணைக்கு வெளியே இன்னொரு தகவல் வேண்டும். ஒவ்வோர் அசைவையும் இரண்டு தடவை செய்தால் அது எந்த இனத்தில் போய் விழுகிறது என்ற தகவல். அதை வைத்து வேடங்களை வகை பிரிக்கும் வழியை 1906இல் ஃப்ரோபெனியஸும் ஷுரும் சேர்ந்து எழுதினார்கள்.

அப்படியானால் டெடகிண்டின் அந்தப் பழைய அணிக்கோவை என்ன ஆயிற்று? கேரக்டர்கள் வந்ததும் அது சாரம்போல ஆகிவிட்டது. கட்டடம் எழும்பியதும் மூங்கிலை அவிழ்ப்பார்களே, அதுபோல. புதிய பாடப்புத்தகங்களில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே பெரிய விஷயம். பிறகு 1991இல் எட்வர்ட் ஃபார்மனெக், டேவிட் சிப்லி என்ற இருவர் ஒன்றை நிறுவினார்கள்: குலத்தின் அணிக்கோவை தெரிந்தால் குலமே தெரிந்துவிடும். எந்த இரண்டு வெவ்வேறு குலங்களுக்கும் அது ஒன்றாக இருக்காது. சதுரத்தையும் குவாட்டர்னியனையும் அது பிரித்துச் சொல்லும். அட்டவணை தவறவிட்டது அந்த முதல் கணக்கில் இருந்திருக்கிறது. டெடகிண்டின் மேசையில் பத்து வருஷம் கிடந்தது மணி இல்லை, முழு யானை.

ஆனால் அந்த யானையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. மான்ஸ்டரின் அணிக்கோவைக்குக் கட்டம் போட்டால் அதன் வரிசைகளின் எண்ணிக்கை பூமியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை விட அதிகம். அதன் கேரக்டர் அட்டவணையோ சாதாரண லேப்டாப்பில் மூலையில் கிடக்கும். கான்வே, கர்ட்டிஸ், நார்ட்டன், பார்க்கர், வில்சன் ஐவரும் 1985இல் 'அட்லஸ்' என்ற பெரிய சைஸ் புத்தகத்தில் இத்தகைய அட்டவணைகளை எல்லாம் அச்சிட்டார்கள். 2017இல் மான்ஸ்டர் உள்ளிட்ட சிலவற்றை விட்டுவிட்டு மீதி அட்டவணைகளை மறுபடி முதலிலிருந்து கணக்கிட்டுச் சரிபார்த்தார்கள். மான்ஸ்டரின் முறை அதற்குப் பிறகு வந்தது. 37,636 எண்கள் என்பதால்தான் சரிபார்க்கவாவது முடிந்தது. முழுதும் தெரிந்த, ஆனால் யாராலும் எழுத முடியாத ஒன்றைச் சரிபார்ப்பது எப்படி?

எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஃப்ரோபெனியஸ் அன்று எடுத்த முடிவில் கொஞ்சம் இழப்பு இருந்தது. மான்ஸ்டர் வருவதை அதற்கு முன்பே கேட்க முடிந்தது அந்த இழப்பை ஏற்றுக்கொண்டதால்தான்.